மூன்று முறை சென்றும் பூட்டியிருந்தது

சாமு,

இதை உன் சாப்பாட்டு மேஜையில், ஷீபா பழம் வைக்கும் கண்ணாடிக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டு மேனாம்பேட்டு வீட்டுக்குப் போகிறேன். கோபித்துக்கொண்டு போகவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கடிதமா எழுதுவேன், ஏழு மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டுத்தானே போவேன்? போனில் சொல்லலாம் என்றால் நீ "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே லேப்டாப்பைப் பார்க்கிறவன். நேரில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா, டென்ஷன் ஆகாதே" என்பாய். அந்தக் கையை நீ பிடிக்கிற விதம் ஒரு வாரமாக மாறியிருக்கிறது. நோயாளியின் கையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறாய். நாளை வியாழக்கிழமை பத்து மணிக்கு நரம்பு டாக்டரிடம் எனக்கு நேரம் வாங்கியிருப்பதை ஷீபா சொல்லிவிட்டாள். பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வராது. நடைவழிக் கேமராவில் பதிவான அந்த வீடியோவை நீ பார்த்துவிட்டாய் என்பதும் அவள் முகத்திலேயே தெரிந்தது. நானும் பார்த்துவிட்டேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து நீ என்னை இங்கே கூட்டிவந்து மூன்று மாதம் ஆகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் எட்டரைக்குக் கிளம்பிய பிறகு இந்த மாடி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. பத்து மணிக்கெல்லாம் கடைசி வீட்டுக்காரரும் போய்விடுவார். அதற்கப்புறம் நீளமான அந்த நடைவழியில் பூட்டிய கதவுகளும் செருப்பு அலமாரிகளும்தான். 704-இல் இருக்கும் பெண் மட்டும் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாள், அவளும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆளில்லாமல் லிஃப்ட் தானாக மேலே வந்து, கதவைத் திறந்து, யாருக்காகவோ காத்திருந்துவிட்டுக் கீழே போகும். அண்ணனூர் ஷெட்டில் காலி ரயில் ஒன்று ஹாரன் அடிக்கும். இத்தனை பணம் போட்டு வாங்கிய வீடுகளில் பகல் முழுக்க ஒரு ஜீவன் இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

தட்டுகிற ஓசை அப்போதுதான் ஆரம்பித்தது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, பதினோரு மணி. நடைவழியின் அந்தக் கோடியில் யாரோ ஒரு கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு. கொஞ்சம் காத்திருந்து அடுத்த கதவு, மறுபடி மூன்று தட்டு. கூரியர்காரர் காலிங் பெல் அடிப்பார், இப்படித் தட்ட மாட்டார். கதவோட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், யாருமில்லை. ஆனால் ஓசை ஒவ்வொரு வீடாக நம் வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மறுநாளும் அதே நேரம், அதே மூன்று தட்டு. மூன்றாம் நாள்தான் அந்த ஓசை எதனுடையது என்று எனக்குத் தெரிந்தது. அது விரல் முட்டியால் தட்டுகிற ஓசை இல்லை, பேனாவின் பின்பக்கத்தால் தட்டுகிற ஓசை. வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறவர்கள்தான் அப்படித் தட்டுவார்கள். எட்டுப் பத்து கதவு தட்டினால் முட்டி வீங்கிவிடும், அதனால் பேனாவால் தட்டப் பழகிக்கொள்வோம்.

போன வெள்ளிக்கிழமை கீழே போய் வாட்ச்மேனிடம் சொன்னேன், யாரோ மேலே வந்து கதவைத் தட்டிக்கொண்டு திரிகிறார்கள், கேமராவில் பாருங்கள் என்று. அப்படி யாரும் வரவில்லை என்று அவர் நழுவப் பார்த்தார். நான் விடவில்லை. "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க புள்ள சாரு உங்களாண்ட காட்ட வேணாம்னு சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போட்டுக் காட்டினார். நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, ஆபரேஷன் செய்த காலை இழுத்து இழுத்து ஒரு கிழவி நடைவழியில் போகிறாள். கையில் நோட்டு. பேனாவால் மூன்று தட்டு தட்டுகிறாள், கதவில் காதை வைக்கிறாள், எழுதுகிறாள், அடுத்த கதவுக்குப் போகிறாள். 706-க்கு முன்னால் நெடுநேரம் நிற்கிறாள். யாரோ பேசுவதைக் கேட்டு எழுதுகிறவள் மாதிரி நடு நடுவே தலையை ஆட்டுகிறாள். நான்தான், சாமு. அந்தத் துண்டுகூட நீ பாண்டிச்சேரியில் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அந்த நேரத்தில் நான் உன் வீட்டுக்குள்ளே, கதவோட்டைக் கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றது எனக்கு அவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது. கதவின் பெயின்ட் வாசனைகூட நினைவிருக்கிறது. உள்ளே நின்று கேட்டவள் யார், வெளியே நின்று தட்டியவள் யார் என்று எனக்குப் புரியவில்லை, பயமாக இருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்று நீ நினைத்ததில் தப்பில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று யோசித்துப்பார். குடியிருப்போர் சங்கத்து மனுவை நீ இதே மேஜையில் கொண்டுவந்து வைத்தாய். செயலாளர் ஆன பிறகு நீ எழுதிய முதல் மனு, பெருமையாகத்தான் இருந்தது உனக்கு. பின்பக்கச் சுவரை ஒட்டி ஏரியின் உபரிநீர்க் கால்வாய்க் கரையில் இருக்கிற குடிசைகளை அகற்ற வேண்டும் என்ற மனு. கொசு, சாக்கடை, மழைக்காலத்தில் கீழ்த்தளத்துக் காரெல்லாம் முங்குவது, எல்லாம் எழுதியிருந்தாய். அதில் பொய் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஜெராக்ஸ் கட்டைத் தட்டிக் காட்டி, "இதுதாம்மா நம்ம பெரிய பாயின்ட்" என்றாய். ஏரியை ஒட்டி இருந்தவர்களை முன்பு அப்புறப்படுத்தியபோது எடுத்த கணக்கெடுப்புப் பதிவேடு. "இவங்க யாருமே இந்த லிஸ்ட்ல இல்ல. அப்போ இங்க இல்லாதவங்க, அப்புறம் வந்து உக்காந்தவங்க. மாற்று வீடு கேக்க உரிமையே கிடையாது." நான் அந்தக் கட்டைப் புரட்டினேன். ஏழாவது பக்கத்திலிருந்து என் கையெழுத்து.

நீ பத்தாம் வகுப்பு படித்த வருஷம். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து நாலு டீச்சர்களை அந்த வேலைக்குப் போட்டார்கள். ஒவ்வொரு குடிசைக் கதவிலும் சாக்பீஸால் எண் போட்டு, உள்ளே இருப்பவர்களின் பெயர், வயது, தொழில் எழுத வேண்டும். எழுதப்பட்டவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஒரு வீடு உண்டு. கதவு பூட்டியிருந்தால் மூன்று வேறு நாள் போய்ப் பார்க்க வேண்டும், அதில் ஒருமுறை மாலை ஆறு மணிக்கு மேல். மூன்று முறை சென்றும் பூட்டியிருந்தால் யாரும் குடியில்லை என்று எழுதிவிடலாம். சட்டம் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் ஒரே முறை போனேன். காலை பதினோரு மணிக்கு. பதினேழு வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிகளிடம் மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், போகவில்லை. சேறு, நாய், சாயங்காலமானால் குடித்துவிட்டுக் கிடக்கிறவர்கள், எல்லாவற்றுக்கும் மேல் உனக்குப் பப்ளிக் பரீட்சை. சாயங்காலம் நான் பக்கத்தில் உட்காராவிட்டால் நீ புத்தகத்தைத் திறக்க மாட்டாய். உன் மேல் பழி போடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது வருகை, மூன்றாவது வருகை என்ற கட்டங்களை நம் வீட்டு மேஜையிலேயே நிரப்பினேன். மூன்று நாளும் ஒரே பேனாவாக இருந்தால் மேலதிகாரி கண்டுபிடித்துவிடுவார் என்று முதல் நாளுக்கு நீலம், இரண்டாம் நாளுக்குக் கறுப்பு, மூன்றாம் நாளுக்கு உன் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த ஜெல் பேனா. பிள்ளைகள் காப்பியடித்தால் முட்டி போட வைக்கிற டீச்சர் செய்த காரியம் இது. உன் ஜெராக்ஸில் மூன்று மையும் ஒரே கறுப்பாக இருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. நாற்பத்தொன்றாம் எண் வீடு வெளியே பூட்டியிருந்தது. தகரக் கதவு. பேனாவால் மூன்று முறை தட்டினேன். உள்ளேயிருந்து யாரோ திரும்பத் தட்டினார்கள். மெதுவாக, தரைக்குப் பக்கத்திலிருந்து, மூன்று தட்டு. எலியாக இருக்கும் என்றேன் எனக்கு நானே. எலி எண்ணித் தட்டுமா? மறுபடி தட்டிப் பார்க்கவில்லை. பூட்டு தொங்குகிறது, உள்ளே ஆள் இருக்க முடியாது என்று 'பூட்டிய வீடு' என எழுதிவிட்டேன். வேகவேகமாக நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு சோடா குடித்தேன்.

போன ஞாயிறு மேனாம்பேட்டுச் சர்ச்சுக்கு நீதான் கொண்டுபோய் விட்டாய். போதகர் வசனத்தைச் சொன்னதும் குறிப்பெடுக்க என் பிரசங்க நோட்டைத் திறந்தேன். பாதி நோட்டு எழுதியிருந்தது. என் கையெழுத்து, நீல மை, கோடு போட்ட கட்டங்கள். பதினேழு வீடு. ஒவ்வொன்றுக்கும் பெயர், வயது, தொழில். அந்தப் பதினேழு வீட்டில் இருந்த ஒருவரைக்கூட நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை, பெயர் கேட்டதில்லை. நாற்பத்தொன்றுக்கு நேராக இப்படி இருந்தது: 'தேசம்மா, சித்தாள். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை வீட்டில் இல்லை. உடன் இருப்பவர் மாமியார், எழுந்து நடக்க முடியாது. தட்டினால் திரும்பத் தட்டுகிறார்.' இரண்டாவது, மூன்றாவது வருகைக் கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன. என்னைச் சுற்றி எல்லோரும் எழுந்து பாட ஆரம்பித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை, முழங்கால் வலி என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பினேன். வாக்கிங் போகிறேன் என்று ஷீபாவிடம் சொன்னது பொய். ஆட்டோவில் சுற்றிக்கொண்டு உங்கள் பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். உன் பால்கனியிலிருந்து பார்த்தால் நீலத் தார்ப்பாய்தான் தெரியும். கீழே வரிசையாக வீடு இருக்கிறது, வாசலில் கோலம் இருக்கிறது, சுவிட்ச் போர்டு இல்லாத வீட்டுக்குள் செல்போன் வெளிச்சத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். தேசம்மா யார் என்று கேட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். உனக்கும் அவளைத் தெரியும், உன் பிளாக்கில் தினமும் லிஃப்டைத் துடைக்கிறவள். ஆச்சரியமே படாமல், "இன்னா டீச்சர், இப்பத்தான் வர்றியா?" என்றாள்.

என்னை எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் அக்கா மகள் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவளாம். நான் கணக்கெடுக்க வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்கே சொன்னாளாம். "மறுக்கா வருவேன்னு சொல்லிட்டுப் போனியாமே. ரெண்டு நாளு கூலிய உட்டுட்டு ஊட்லயே குந்தினு இருந்தேன். மூணா நாளு மேஸ்திரி வேற ஆளு வச்சிக்கிறேன்னுட்டான், போயிட்டேன்" என்றாள். அந்த வீட்டில் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். பதில் தெரிந்துகொண்டுதான் கேட்டேன், சாமு. கேட்கும்போதே இல்லை என்று சொல்லிவிடு தாயே என்று மனசுக்குள் ஜெபித்தேன்.

"எங்க மாமியா இருந்துச்சு. எந்திரிக்க முடியாது. தொறந்து போட்டா நாய் பூந்துடும், அத்த உள்ள வச்சிப் பூட்டினுதான் வேலக்கிப் போவேன். சொல்லிக்கினே இருந்துச்சு. யாரோ தட்னாங்கோ, நானும் தட்னேன், போயிட்டாங்கோ, போயிட்டாங்கோன்னு."

மற்றதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், யார் வீட்டுக் கதையையோ சொல்கிற மாதிரி. இடிக்க வண்டி வந்த அன்றைக்கு எழுதப்பட்டவர்கள் லாரியில் ஏறினார்கள். பூட்டிய வீட்டுக்காரர்கள் பதினேழு குடும்பமும் சாமானைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரைக்கு வந்தார்கள். முதல் மழையில் அந்தக் கிழவி தார்ப்பாய்க்கு அடியிலேயே செத்துப்போனாள். அப்புறம் ஏரிக்கரையில் உங்கள் கட்டடம் எழும்பியது. வேலை பக்கத்திலேயே கிடைத்ததால் அங்கேயே இருந்துவிட்டார்கள். ஏழாவது மாடிக்கு ஜல்லியும் சிமென்ட்டும் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. 706-க்கு எதிரில் ஒரு நாள் மயக்கமாகி உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள். நான் எந்த எண்ணையும் அவளிடம் சொல்லவில்லை. நோட்டிலிருந்த மற்றப் பதினாறு பெயரையும் படித்தேன். இருட்டிக்கொண்டு வந்த அந்தக் கரையில், ஒவ்வொரு பெயருக்கும் எங்கிருந்தோ ஒரு குரல், "கீறேன் டீச்சர்" என்று வந்தது. மூன்று பேருக்கு மட்டும் தேசம்மா, "அது போயி சேந்துட்ச்சு" என்றாள்.

அந்தப் பெயரெல்லாம் என் நோட்டில் எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எப்போதோ சொன்னதாக இருக்கலாம், உள்ளே எங்கேயோ கிடந்து இப்போது வெளியே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்வார். சொல்லட்டும். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அம்பத்தூருக்கு அந்தப் பக்கம் இருட்டு. கண்ணெதிரே ஊர் வளர்ந்தது. மாங்காடு வரைக்கும், பூந்தமல்லி தாண்டியும் கிரேன் நிற்கிறது. நல்லதுதான், நீ அதனால்தானே வெளிநாடு போகாமல் என் பக்கத்தில் இருக்கிறாய்? ஆனால் வளர்கிற ஊருக்குக் கல் சுமக்க ஆள் வேண்டும், லிஃப்ட் துடைக்க ஆள் வேண்டும், அந்த ஆள் ராத்திரி தலைசாய்க்க ஓர் இடம் மட்டும் எந்த வரைபடத்திலும் இல்லை. சோம்பேறியாக வீட்டில் கிடந்தவனுக்கு அன்று வீடு கிடைத்தது, சாமு. பகலெல்லாம் உழைக்கப் போனவள் ஆளில்லாதவள் ஆனாள். அப்படி ஆக்கியது அரசாங்கம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு ஆசைதான். என் மூன்று பேனாக்கள் குறுக்கே நிற்கின்றன. உன்னை நான் கெட்டவன் என்று சொல்லவில்லை. நீ நம்பிய காகிதம் பொய், அதை எழுதியவள் உன் அம்மா.

நேற்று செவ்வாய்க்கிழமை காலையில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். மூன்று பக்கம் கைப்பட எழுதி, எந்தெந்த வீட்டுக்கு நான் போகவில்லை, எப்படிப் பொய்யாக எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டேன். பென்ஷன் நின்றாலும் நிற்கட்டும். அங்கே வராந்தாவில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தபோதுதான் நீ போன் பண்ணினாய். 704-காரி உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறாள், பதினோரு மணிக்கு மறுபடி யாரோ கதவைத் தட்டினார்கள் என்று. "ஏம்மா இப்படிப் பண்றே?" என்றாய், குரல் உடைந்துபோய். ஆபீஸ் சுவரில் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. நான் திருவள்ளூரில் இருக்கிறேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. நேற்று அந்த நேரத்துக் கேமராப் பதிவில் என்ன தெரிகிறது என்று நீயே போய்ப் பார். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை.

என் மனுவை வாங்கிய அதிகாரி நல்ல மனுஷர். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "டீச்சர், ஞாபகமெல்லாம் நல்லாத்தானே இருக்கு? நாளைக்கு எதிர்த்தரப்பு முதல்ல அதைத்தான் கேட்பாங்க" என்றார். வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எதிர்த்தரப்பு நீதானே.

நாளைக்கு நான் ஒன்பதரைக்கே புடவை மாற்றிக்கொண்டு மேனாம்பேட்டு வாசலில் நிற்பேன், வந்து கூட்டிப்போ. டாக்டர் கேட்பதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்வேன். வீடியோவையும் காட்டு. எனக்கு மறதி நோய் என்று அவர் எழுதிக் கொடுக்கலாம். அது உண்மையாகவும் இருக்கலாம், நான் சண்டை போட மாட்டேன், மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்வேன். ஆனால் அந்த ஒரு காகிதம் இருந்தால் போதும், நான் எழுதிய மூன்று பக்கமும் பைத்தியக்காரியின் கிறுக்கல் ஆகிவிடும். பதிவேடு பழையபடி உண்மையாகிவிடும், பதினேழு வீடும் போய்விடும். உன் சங்கத்தில் இருக்கிற வக்கீலுக்கு அது தெரியாமல் இருக்காது, திங்கட்கிழமை மனு கொடுப்பதற்கு முன் உன்னிடம் கேட்காமலும் இருக்க மாட்டார். டாக்டர் சீட்டை நீட்டும்போது அதை வாங்கப்போவது உன் கை. மருந்துக் கடையில் காட்டத்தான் வாங்குகிறாயா, மனுவோடு சேர்த்துக் கட்ட வாங்குகிறாயா, கண்ணா? அதை முடிவு செய்துகொண்டு என்னைக் கூட்டிப்போக வா.

அம்மா